டீக்கும் வடைக்கும் கணக்கு உண்டு

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் போடுவார். டீ இவ்வளவு, வடை இவ்வளவு, பிரியாணி இவ்வளவு, பிளாஸ்டிக் சேர் வாடகை இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வேட்பாளர் கூட்டம் போட்டால் வீடியோ குழு வந்து படம் பிடிக்கும். அந்தப் படத்தை வைத்து நாற்காலியை எண்ணி, ‘நிழல் பதிவேடு’ என்ற தனிக் கணக்கில் எழுதி, வேட்பாளர் கொடுக்கும் கணக்கோடு ஒப்பிடுவார்கள். நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் என்பது உச்சவரம்பு. இதைக் கிண்டலடிக்காத மீம் பக்கம் கிடையாது. எனக்கு மட்டும் அந்தப் பட்டியல் மேல் ஒரு மரியாதை உண்டு. யார், எங்கே, யாருக்காக, எவ்வளவு செலவு செய்தார் என்ற நான்கு கேள்விகளை அது விடாமல் கேட்கிறது.

இதே நான்கு கேள்விகளை உங்கள் ஃபோனில் வரும் தேர்தல் விளம்பரத்திடம் கேட்டுப் பாருங்கள்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்சி என்று இருந்தால் பிரசாரம் இருக்கும், பிரசாரம் இருந்தால் செலவும் இருக்கும். என் பிரச்சினை, ஒரு கட்சி எனக்குச் சொல்வது உங்களுக்குத் தெரியாமல் போவதில்தான்.

நம் ஊர்த் தெருமுனைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேசுவது சொந்தக் கட்சிக்காரருக்கு மட்டும் கேட்பதில்லை. எதிர்க்கட்சிக்காரர் டீக்கடையில் நின்றபடி கேட்பார். உளவுப் பிரிவுக் காவலர் ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். அடுத்த வாரம் அதே இடத்தில் பதிலடிக் கூட்டம் நடக்கும், ‘போன வாரம் இங்கே நின்று ஒருவர் சொன்னாரே’ என்று ஆரம்பிப்பார்கள். பொய்யே சொன்னாலும் ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சாதிக்காரரிடம் ஒன்றையும் இன்னொரு சாதிக்காரரிடம் அதற்கு நேர் எதிரானதையும் சொன்னால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது.

ஆளைக் குறிவைக்கும் விளம்பரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரே வீட்டில் அரசு ஊழியரான அப்பாவுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் வரும், கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வேலைவாய்ப்பு வரும், கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு ஜிஎஸ்டி வரும். மூன்றும் ஒரே கட்சியின் வாக்குறுதிகள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா, மூன்றுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க, மூவரும் ஃபோனை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் உண்டு. எந்த வீட்டில் நடக்கிறது அது? எதிர்க்கட்சிக்கோ தனக்கு எதிராக என்ன ஓடுகிறது என்பதே தெரியாது. தெரியாததற்கு எப்படிப் பதில் சொல்வார்கள்?

உடனே யாராவது கமென்ட்டில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்பார்கள். ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை எடுத்துத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய பிரிட்டிஷ் நிறுவனம் அது. 2018-இல் வெடித்த விவகாரம், 8.7 கோடிப் பேரின் தகவல் போயிருக்கலாம் என்றது ஃபேஸ்புக், அதில் இந்தியர்கள் சுமார் 5.62 லட்சம். 2021-இல் சிபிஐ வழக்கும் பதிந்தது. ஆனால் மனதைப் படித்து ஓட்டை மாற்றும் மந்திரம் அவர்களிடம் இருந்தது என்ற கதையை நான் நம்புவதில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமே விசாரணை முடிவில், அவர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைக்கும் உத்திகள்தான் என்றது. மந்திரவாதியைத் தேடிக்கொண்டிருந்தால், சாதாரணமாக யாரும் செய்யக்கூடிய வேலை கண்ணுக்குப் படாது.

அந்தச் சாதாரண வேலைக்கு வேண்டியது ஒரு பட்டியல்தான். ஃபோன் நம்பர்களைப் பதிவேற்றினால் அந்த நம்பர்களுக்கு உரிய ஆட்களைத் தேடி எடுத்து அவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டும் ஃபேஸ்புக். அவர்களைப் போலவே இருக்கும் இன்னும் பல லட்சம் பேருக்கும் சேர்த்துக் காட்டும். மதம், அரசியல் சார்பு போன்றவற்றை வைத்துக் குறிவைக்கும் வசதியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. பட்டியலைப் பதிவேற்றும் வழியை எடுக்கவில்லை. எந்த நம்பர் எந்தச் சாதி, எந்தப் பூத் என்பது கட்சியிடமே இருந்தால் மெட்டா தனியாகச் சொல்லித் தரவேண்டிய அவசியமும் இல்லை.

பட்டியல் எங்கிருந்து வருகிறது? 2021-இல் புதுச்சேரியில் நடந்ததை எத்தனை பேர் மறந்துவிட்டோம் பாருங்கள். வாக்காளர்களின் செல்ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. உள்ளே இருந்த லிங்கைத் தட்டினால் அவரவர் பூத்துக்கான பாஜக வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். ஆதாரோடு இணைத்த நம்பர்களுக்கு மட்டும் செய்தி வந்திருக்கிறது என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த நம்பர்கள் என்றது கட்சி. எங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு குற்றச்சாட்டை நம்பத்தகுந்ததாகவே எடுத்துக்கொண்டது. விசாரணை முடியும்வரை தேர்தலைத் தள்ளிவைத்தால் என்ன என்றுகூட ஒரு கட்டத்தில் கேட்டது. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றித் தெருவில் யாரும் பேசவில்லை.

ஒரு கட்சியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கூகுள் விளம்பரத்துக்கு 100 கோடி ரூபாயைத் தாண்டிச் செலவழித்த முதல் இந்தியக் கட்சி பாஜகதான். 2018 நடுவிலிருந்து 2024 ஏப்ரல் வரையிலான கணக்கு அது. அடுத்தது காங்கிரஸ். மூன்றாவது யார்? பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மட்டும் போட்டியிடும் நம் திமுக. அந்தக் கட்சிக்கான செலவில் ஒரு நல்ல பங்கு பாபுலஸ் எம்பவர்மென்ட் நெட்வொர்க் என்ற தனியார் நிறுவனத்தின் பெயரில் போயிருக்கிறது. திமுக வாக்காளரை நிறுத்தி இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. ஒளித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, கூகுளின் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் யாருடைய பணம் யாருக்காகப் பேசுகிறது என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ள முடியாத பெயராக இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் இன்னும் மோசம். ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற பத்திரிகையாளர் குழுவும் ஆட்.வாட்ச் ஆய்வுக் குழுவும் சேர்ந்து 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரையிலான 5,36,070 அரசியல் விளம்பரங்களை அலசி 2022-இல் வெளியிட்டார்கள். பாஜகவும் அதன் வேட்பாளர்களும் சொந்தப் பெயரில் போட்ட விளம்பரங்கள் பெற்ற பார்வை சுமார் 136 கோடி. கட்சியோடு தொடர்பைச் சொல்லாத, அல்லது யாரென்றே தெரியாத 23 விளம்பரதாரர்கள் பெரும்பாலும் அந்தக் கட்சிக்குச் சாதகமாகப் போட்டவை பெற்ற பார்வை சுமார் 131 கோடி. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய சரிபாதி! வேட்பாளரின் அனுமதி இல்லாமல் அவருக்காக மூன்றாம் ஆள் செலவு செய்வது நம் நாட்டில் குற்றம். போஸ்டர் அடித்தால் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே அச்சகமே அமெரிக்காவில் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. 10 லட்சம் பார்வைக்கு பாஜகவிடம் ஃபேஸ்புக் வாங்கியது சராசரியாக 41,844 ரூபாய், காங்கிரஸிடம் 53,776 ரூபாய். எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று மெட்டா சொன்னது. அதை நான் மறுக்கவே இல்லை. யாருக்குக் காட்டினால் அதிகம் தட்டுவார்கள் என்று கணிக்கும் விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் விலை ஒன்றாக இருக்காது. ஒரே சுவரில் ஒரே அளவு எழுத இரண்டு கட்சிக்கு இரண்டு கூலி என்று பெயின்டர் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா?

தேர்தல் ஆணையம் தூங்குகிறது என்பதும் சரியில்லை. 2013 முதல் இணைய விளம்பரத்துக்கும், அது வெளிவரும் முன்பே ஆணையத்தின் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். விதியில் உள்ள ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, உச்சவரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. இதைப் பற்றி எழுதி எழுதிப் பலர் ஓய்ந்துவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: சான்று தரும் குழு விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. யாருக்குக் காட்டப் போகிறீர்கள், யாருக்குக் காட்டாமல் விடப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. டிவி காலத்தில் அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை, டிவி எல்லோருக்கும்தான் ஓடியது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தேடினால் வயது, பாலினம், மாநிலம் வாரியாக யார் பார்த்தார்கள் என்று கிடைக்கும். எந்தப் பட்டியலைப் பதிவேற்றினார்கள் என்பது கிடைக்காது.

என் கோரிக்கை சின்னது. தேர்தல் விளம்பரத்தை ஒரு தொகுதியைவிடச் சிறிய கூட்டத்துக்குக் குறிவைக்கக் கூடாது. ஃபோன் நம்பர் பட்டியல் கூடாது, ‘இவரைப் போன்றவர்கள்’ கூடாது. மயிலாப்பூருக்கு என்றால் மயிலாப்பூர் முழுக்க, மீனவக் குப்பத்துக்கும் மாட வீதிக்கும் ஒரே விளம்பரம்.

இது நடக்காது, கம்பெனிகள் ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். 2020 ஜனவரி முதல் கூகுள் தன் தேர்தல் விளம்பரங்களில் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றுக்கு மேல் ஆளைக் குறிவைக்க விடுவதில்லை. என்ன ஆனது? அதற்குப் பிறகும்தான் கட்சிகள் கோடி கோடியாகக் கொட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கடுமையான சட்டம் போட்டு 2025 அக்டோபரில் முழுமையாக அமலுக்குக் கொண்டுவந்தபோது, மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரமே வேண்டாம் என்று விலகிவிட்டன. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை நான். ஆனால் இவர்கள் விலகியதால் ஐரோப்பாவில் தேர்தல் நின்றுவிடவும் இல்லை.

எனக்குச் சங்கடமான ஒரே எதிர்வாதம் சிறிய கட்சிகளைப் பற்றியது. முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரத்துக்கு வழியில்லாத ஒரு புதுக்கட்சிக்கு, தன் ஆதரவாளர்களை மட்டும் குறைந்த செலவில் தேடிப்பிடிக்க இதுதானே வழி, அதையும் அடைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்கள். மேலே சொன்ன இரண்டு விலையில் அதிகமானதையே எடுத்துக்கொண்டாலும், தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒருமுறை காட்ட அன்றைய விலையில் 15,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இன்று விலை இரண்டு மடங்கு என்றே வையுங்கள், 30,000. தொகுதி முழுக்கப் போஸ்டர் ஒட்டிப் பாருங்கள், பசைக்கும் கூலிக்கும் பத்தாது.