சுவர் மேல பழி போடாதீங்க, போர்ட்டைப் பாருங்க!

"வீட்ல சார் யாராவது இருந்தா ஃபோனைக் குடுங்க மேடம், அவங்ககிட்ட எக்ஸ்பிளைன் பண்றேன்."

300 எம்பி பிளானுக்குப் பணம் கட்டியும் எங்கள் வீட்டு இன்டர்நெட் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. அதற்காக ஃபோன் செய்து நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கொடுத்த ரவுட்டரின் போர்ட், அதாவது கேபிள் சொருகும் வாய், நூறு எம்பியா, ஜிகாபிட்டா (ஆயிரமா)? கஸ்டமர் கேரில் பேசியவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாமே. அதை விட்டுவிட்டு வீட்டில் ஆம்பளை இருக்கிறாரா என்று தேடுகிறார். இருந்தது பி.காம். படிக்கும் என் தம்பி. அவனுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சரி, என்னதான் எக்ஸ்பிளைன் பண்ணுகிறார்கள் என்று பார்ப்போமே என்று ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். "சார், உங்க வீட்ல சுவரெல்லாம் கொஞ்சம் திக்கா இருக்கும் சார், அதான் வைஃபை சரியா வரல." முடிந்தது எக்ஸ்பிளனேஷன்.

நான் வைஃபையைப் பற்றிப் பேசவே இல்லை! லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து நேரே கேபிள் போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஃபோன் செய்தேன். ஒரு மீட்டர் கேபிள். மேசை மேல் கிடக்கிறது. அதற்கு நடுவில் எந்தச் சுவர் வந்து நிற்கிறது?

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இணைப்பு கொடுக்க வரும் அன்றைக்கே ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு குறையும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வருவது ஃபைபர், அதாவது முடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. அதில் வருவது ஒளி. அந்த ஒளியை மின்சாரக் குறிகளாக மாற்றுவது சுவரில் மாட்டியிருக்கும் ஓ.என்.டி. பெட்டி. டெலிஃபோன் கம்பியில் நெட் வந்த காலத்தில் அந்த இடத்தில் மோடம் இருந்ததால் பலர் இதையும் மோடம் என்றே சொல்கிறார்கள், பரவாயில்லை. அந்த ஒரே இணைப்பை ஃபோனுக்கும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்குகிற மாதிரி ஒரு ஐ.பி. முகவரி கொடுப்பது ரவுட்டர். ரவுட்டருக்கும் உங்கள் கையிலிருக்கும் ஃபோனுக்கும் இடையே போகும் ரேடியோ அலைதான் வைஃபை. அதன் எல்லை வீட்டு வாசலோடு சரி. சில வீடுகளில் இது எல்லாமே ஒரே பெட்டிக்குள் இருக்கும். அப்போதும் வேலைகள் தனித்தனிதான்.

அதனால்தான் தெருவில் எவனோ பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்தாலும் ஃபோனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன. "வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா ஒண்ணும் ஓபன் ஆகல" என்று அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரியான தகவல். அதைக் கேட்டவுடன் இன்டர்நெட் லைனில் கோளாறு என்று கஸ்டமர் கேருக்குப் புரிய வேண்டும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறது என்றால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். டெக்னீஷியன் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்க வேண்டிய எண் மைனஸ் 30-ஐத் தாண்டிக் கிடக்கும். சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொன்ன பிறகும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்கிறார்கள். அறுந்த கண்ணாடி இழை ரீஸ்டார்ட் செய்தால் ஒட்டிக்கொள்ளுமா?

இனி என் 94-க்கு வருகிறேன்.

வீடியோ மீட்டிங்கில் படம் உறைந்து உறைந்து நிற்கிறது என்று புகார் செய்தபோது இவர்கள் கொடுத்த வைத்தியம், "100 பிளான் பத்தாது மேடம், 300-க்கு மாறுங்க." ஒரு வீடியோ மீட்டிங்குக்கு விநாடிக்குச் சில மெகாபிட் போதும். அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அம்மாவின் சீரியல், தம்பியின் கேம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிறதே என்று மாறினோம். மாதாமாதம் பணம் போனது. ஸ்பீட் டெஸ்ட் மட்டும் 94-ஐத் தாண்டவில்லை. காலையில் 94. நள்ளிரவில் 94. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் 93. கேபிளில் 94.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த எண்ணைப் பார்த்ததும் மணி அடிக்க வேண்டும். லைனில் நெரிசல் என்றால் வேகம் ஏறும், இறங்கும். இரவில் குறையும், விடியற்காலையில் கூடும். அசையாமல் 94-இல் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ நூறு எம்பி போர்ட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று போகும் செலவைக் கழித்தால் நூறு எம்பி போர்ட்டில் மிஞ்சுவது 94, 95-தான். அல்லது கேபிளில் கோளாறு. ஜிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும், நூறுக்கு நாலு போதும். அவசரத்தில் நாலை மட்டும் முனைப் பிளக்கில் இறுக்கி, அதாவது க்ரிம்ப் பண்ணிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். அதே 94.

அப்புறம் ரவுட்டரைக் கழற்றிவிட்டு ஓ.என்.டி. பெட்டியிலேயே லேப்டாப்பைச் சொருகினேன். 290-ஐத் தாண்டியது. லைன் சுத்தம். குற்றவாளி இவர்களே கொடுத்த ரவுட்டர்.

இதைத்தான் படிப்படியாக, நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல ஃபோனில் சொன்னேன். கிடைத்தது சுவர். புகார் எண் வாங்கி, கத்தி, மேலாளரைக் கேட்டு, ஒரு வழியாக டெக்னீஷியன் வந்தார். அவர் ரவுட்டருக்கு ஒரு அடி தள்ளி நின்று தன் ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டார். 93. "சூப்பரா வருது மேடம்." அண்ணே, நாங்க பணம் கட்டுறது 300-க்கு. "வைஃபைல அப்படித்தான் மேடம் வரும்." சரி, வைஃபை வேண்டாம், கேபிளில் பாருங்கள். 94. "கேபிள்ல லாஸ் இருக்கும்." ஒரு மீட்டர் கேபிளில் இருநூறு எம்பி காணாமல் போகுமா? பதில் இல்லை. லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து காட்டினேன். லிங்க் ஸ்பீட், அதாவது அந்தக் கேபிள் இணைப்பின் வேகம், 100. அங்கேயே எழுதியிருக்கிறது! அதைப் பார்த்துவிட்டு, "அது உங்க லேப்டாப் ஸ்பீடு மேடம்" என்றார். அதே லேப்டாப்பை அவர் கண் முன்னால் ஓ.என்.டி. பெட்டியில் சொருகிக் காட்டினேன். லிங்க் ஸ்பீட் 1000, வேகம் 291. கொஞ்ச நேரம் பார்த்தார். என் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "சார், உங்க வீட்ல சுவர் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அம்மா சமையற்கட்டிலிருந்து "யப்பா, அந்தச் சுவரை விடு" என்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்புகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அந்த ரவுட்டரின் அட்டைப் பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எப்படி 1200? அந்த ரவுட்டரின் வைஃபைக்கு இரண்டு அலைவரிசை (பேண்ட்). 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. கூட்டினால் 1167. அதை 1200 ஆக்கிவிட்டார்கள். அந்த 300-ம் 867-ம் காற்றில் ஏட்டளவில் கிடைக்கும் உச்சம். நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிது. நம் ஃபோன்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். போகட்டும், அந்தப் பெட்டிக்குள் இன்டர்நெட் நுழையும் வாசல் நூறு. வெளியே 1200 என்று எழுதிவிட்டு உள்ளே நூறு எம்பி போர்ட்டை வைக்க எப்படி மனசு வருகிறது? அந்த நூறு அட்டைப் பெட்டியின் அடியில், 10/100 என்று, கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும் எழுத்தில் இருக்கிறது. இந்த ரவுட்டரை வீட்டில் வைத்துக்கொண்டு 300 பிளானுக்கு மாறச் சொன்னது இவர்களேதான். எங்கள் கணக்கில் எந்த ரவுட்டர் என்று இவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

சுவர் பிரச்சினை இருக்கவே இருக்காது என்று நான் சொல்லவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அங்கே கூட்டம். அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (உட்பிரிவுகள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான். நம் நாட்டில் 2018-லேயே 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். இன்னும் வெறும் 2.4 மட்டும் உள்ள ரவுட்டரைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறார்கள். மாட்டுவது எங்கே? டிவிக்குப் பின்னால், அல்லது இரும்பு பீரோவுக்கு மேல். கம்பியை இழுக்கச் சோம்பல். அப்புறம் பின்னறையில் சிக்னல் இல்லை என்றால் எக்ஸ்டெண்டர் வாங்கச் சொல்கிறார்கள். மலிவான எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பிப் பேசுகிறது. வேகம் பாதியாகும். ஹாலின் நடுவே ரவுட்டரை வைத்திருந்தால் அந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது.

பிட், பைட் குழப்பமும் இவர்களுக்கு வசதிதான். 100 எம்பி பிளானில் விநாடிக்கு நூறு மெகாபைட் இறங்கும் என்று என் சித்தப்பா வெகுநாள் நினைத்திருந்தார். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறு மெகாபிட் என்றால் பன்னிரண்டரை மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க எப்படிப் போனாலும் 80 விநாடி ஆகும். பில்லில் இதை ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதே சித்தப்பாவின் கடை கேமரா வெளியிலிருந்து திறக்கவில்லை. கேட்டால் "கேமரா கம்பெனிகிட்ட கேளுங்க" என்றார்கள். காரணம் கேமரா இல்லை. ஐ.பி. முகவரிகளின் பழைய வகையில் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான் உண்டு. அது போதாமல் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கிறார்கள். வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் எந்த வீட்டுக்கு என்று தெரியாது. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் 100.64 என்பது போல ஒரு முகவரி இருக்கும், அதுதான் அடையாளம். தனி முகவரி வேண்டுமென்றால் தனியாகப் பணம். அதையாவது முதல் ஃபோனிலேயே சொல்லித் தொலைக்கலாம் இல்லையா? அந்த மனுஷன் புதுக் கேமரா வாங்கிவிட்டார்.

என் விஷயத்துக்கு அவர்கள் சொன்ன முடிவு, ஜிகாபிட் ரவுட்டரை நானே காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். இத்தனை மாதம் 300-க்கு வாங்கிய பணம்? "பிளான் ஆக்டிவாதான மேடம் இருந்துச்சு." வராத இருநூறு எம்பிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு கட்டியிருக்கிறேன். விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் வேறொரு விலை. அதையும் சேர்த்துத்தான் பிளான் விலை என்று சொல்வதற்கு என்ன கேடு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் இழுக்க வந்த அன்று, பெயின்ட் அடித்து ஈரம்கூடக் காயாத எங்கள் ஹால் சுவரில் ட்ரில்லை வைத்துக் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள். உள்ளே போவது ஒரு மெல்லிசுக் கம்பி. மீதி ஓட்டையை அடைக்கவில்லை. கேட்டதற்கு "கொத்தனாரை வெச்சுப் பூசிக்கோங்க" என்றார்கள். மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர் வழிகிறது, வெயில் அடித்தால் எறும்பு வருகிறது. அந்த வழியில் தடையில்லாமல் முழு வேகத்தில் வருவது எறும்பு மட்டும்தான். யாருய்யா அந்த ஓட்டையை அடைப்பது?