தெற்கு என்று ஒரு மாகாணம் கிடையாது

அமெரிக்க அதிபரின் ஒப்புதல் வீதம் (அவர் வேலையை ஏற்பவர்கள் எத்தனை சதவீதம்) என்று வாரத்துக்கு நான்கு படமாவது டைம்லைனில் ஓடுகிறது. வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என நான்கு நிறத்தில் ஒரு வரைபடம். கீழே "தெற்கு இன்னும் டிரம்ப் கையில்தான்", "மத்திய மேற்கு கைவிட்டது" என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும். அதிபர் பதவிக்காலத்தின் நடுவில், 2026 நவம்பர் 3ஆம் தேதி, நாடாளுமன்றத்துக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலைப் புரிந்துகொள்ள இந்தப் படம் துளியும் உதவாது. உதவாததோடு நின்றால் பரவாயில்லை, தப்பான இடத்தைப் பார்க்கவும் வைக்கிறது.

இந்த நான்கு பிராந்தியங்களும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பிரித்தவை. அரசியலுக்காகப் பிரித்ததல்ல. அவர்கள் கணக்கில் "தெற்கு" என்றால் 16 மாகாணங்களும் தலைநகர் வாஷிங்டனும். அலபாமாவும் அதில்தான், மேரிலாந்தும் டெலவேரும் அதில்தான். 2024இல் அலபாமாவில் டிரம்ப் சுமார் 30 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், மேரிலாந்தில் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தோற்றார். தலைநகரில், அவரை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்கு 90 சதவீத வாக்கு. இதையெல்லாம் கலக்கி ஒரே எண்ணாகச் சொன்னால் அந்த எண் யாருடைய மனநிலை? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், பானை ஒன்றாக இருக்கும்வரை.

மேற்கு இன்னும் வேடிக்கை. 13 மாகாணங்கள், ஆனால் மக்களில் பாதிப் பேர் கலிஃபோர்னியாவில். ஆகவே "மேற்கில் அதிபருக்கு ஆதரவு" என்று வரும் எண்ணில் பாதி கலிஃபோர்னியாதான். மாகாணத்துக்கு இருவர் என்று அமையும் மேலவைதான் செனட்; இந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் செனட் தேர்தலே இல்லை. செனட் பெரும்பான்மையைத் தீர்மானிக்கக்கூடிய அலாஸ்காவோ அதே மேற்கில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாடு முழுக்க 1,500 பேரிடம் கேட்டால் அலாஸ்காக்காரர் மூன்று பேர் சிக்குவார்கள். மெய்ன் மாகாணத்தவர் ஆறு பேர். வட கரோலினாவில் 47 பேர் கிடைத்தாலே அதிகம்.

செனட் கணக்குக்கு வருவோம். தேசிய எண்ணைத் தொட்டவுடன் மாகாண முடிவுக்குத் தாவக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இப்போது டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு 53, ஜனநாயகக் கட்சி அணிக்கு 47. இந்த ஆண்டு 35 இடங்களுக்குத் தேர்தல்: வழக்கமான 33, கூடவே ஒஹையோவிலும் ஃப்ளோரிடாவிலும் டிரம்ப் அரசில் துணை அதிபராக வான்ஸும் வெளியுறவு அமைச்சராக ரூபியோவும் சேர்ந்ததால் விட்டுப்போன இடங்கள். 50-50 ஆனால் துணை அதிபர் வான்ஸின் ஓட்டு குடியரசுக் கட்சிக்கு. அதனால் ஜனநாயகக் கட்சிக்கு 51 வேண்டும், அதாவது கையிலிருப்பது எதையும் விடாமல் நான்கு இடங்களைப் பிடுங்க வேண்டும்.

எந்த நான்கு? 2024இல் அந்தந்த மாகாணத்தில் டிரம்ப் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று அடுக்கிப் பாருங்கள். மெய்னில் அவர் தோற்றார், சுமார் 7 புள்ளி. வட கரோலினாவில் ஜெயித்தது 3 புள்ளியில். அடுத்தது? ஒஹையோ, 11. பிறகு அலாஸ்கா, ஃப்ளோரிடா, அயோவா மூன்றும் 13 பக்கம், டெக்சஸ் 14 பக்கம். 3க்கும் 11க்கும் நடுவில் குடியரசுக் கட்சி கையில் ஓர் இடம்கூட இல்லை. இரண்டு படி ஏறியதும் படிக்கட்டு உடைந்து, அடுத்த படி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. தேர்தலின் கேள்வியே அந்த மூன்றாவது, நான்காவது படிதான். ஆகவே பார்க்க வேண்டிய ஒப்புதல் வீதமும் ஒஹையோ, அயோவா, அலாஸ்கா, டெக்சஸ் மாகாணங்களுடையது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் கேட்டதில் டிரம்புக்கு ஒப்புதல் 45 சதவீதம். அன்று இரவே கீழவையான பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி 40 இடங்களை இழந்தது. அதே இரவு செனட்டில் நிகரமாக இரண்டு இடம் கூடியது. ஒரே அதிபர், ஒரே தேசிய எண், இரண்டு எதிரெதிர் முடிவு. காரணம், செனட் தேர்தல் நடந்த இடங்கள். ஜனநாயகக் கட்சியின் ஹைட்கேம்ப் போட்டியிட்ட வட டகோட்டாவில் 2016இல் டிரம்ப் 36 புள்ளியில் ஜெயித்திருந்தார். மக்காஸ்கிலின் மிசூரியிலும் டானலியின் இண்டியானாவிலும் 19 பக்கம். மூவரும் போனார்கள். ஃப்ளோரிடாவில் அதே கட்சியின் பில் நெல்சன் 10,033 வாக்கில் போனார். எதிர்ப்பக்கம், 2016இல் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலரி ஜெயித்திருந்த நெவாடாவையும் டிரம்ப் மூன்றரைப் புள்ளியில் மட்டும் ஜெயித்திருந்த அரிசோனாவையும் குடியரசுக் கட்சி இழந்தது. தேசிய ஒப்புதலை மட்டும் வைத்து அன்று செனட்டை ஊகித்தவர் திசையையே தப்பாகச் சொல்லியிருப்பார்.

சரி, மாகாண எண் கைக்கு வந்தால் எப்படிப் பார்ப்பது? வெறும் ஒப்புதல் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஒப்புதலிலிருந்து மறுப்பைக் கழியுங்கள், அது நிகர ஒப்புதல். அதை 2024 வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது சரிவு. கணக்குக்காக மட்டும் ஓர் எண்: தேசிய அளவில் நிகரம் கழித்தல் 12 என்று வையுங்கள். 2024இல் நாடு முழுக்க டிரம்பின் முன்னிலை ஒன்றரைப் புள்ளி. ஆக சரிவு பதின்மூன்றரை. எல்லா மாகாணத்திலும் இதே அளவு சரிந்தால் வட கரோலினாவில் நிகரம் கழித்தல் 10. ஒஹையோவில் கழித்தல் 2. அயோவா, அலாஸ்கா, டெக்சஸ் மூன்றும் பூஜ்ஜியத்தை ஒட்டி, கத்தி முனையில். தேசிய நிகரம் கழித்தல் 7 ஆக இருந்தால் அந்த நான்கும் அதிபருக்குச் சாதகம். கழித்தல் 17 என்றால் நான்குமே எதிர். தேசிய எண்ணின் பயன் இவ்வளவுதான்: உடைந்த படிக்கட்டில் தண்ணீர் எந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று அது காட்டும்.

ஆனால் சரிவு எங்கும் ஒரே அளவில் இருக்காது, அதனால்தான் மாகாணக் கணிப்பு வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கலும். மாகாண அளவில் 600 பேர் மாதிரி என்பது வழக்கமான அளவு. அதற்குப் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 4 என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒப்புதல் சதவீதத்துக்கு மட்டும். நிகரத்துக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பு, 8. வயது, கல்வி என்று எடையிட்ட பிறகு, அதாவது மக்கள்தொகையில் உள்ள விகிதத்துக்கு மாதிரியைச் சரிசெய்த பிறகு, இன்னும் விரியும். அயோவாவில் நிகரம் பூஜ்ஜியம் என்று வந்தால், கூட்டல் 8 முதல் கழித்தல் 8 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம். போன மாதம் 44, இந்த மாதம் 40 என்றால் உடனே "சரிந்தது" என்று பதிவு போட ஆசையாக இருக்கும். 600 பேர் மாதிரி இரண்டை ஒப்பிடும்போது சுமார் 6 புள்ளி நகர்ந்தால்தான் அது தற்செயல் இல்லை என்று ஓரளவு நம்பலாம். நான்கு புள்ளி வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.

இதனால்தான் சில நிறுவனங்கள் மூன்று மாத பதில்களைச் சேர்த்து ஐம்பது மாகாணத்துக்கும் எண் தருகின்றன. மாதிரி பெரிதாகிறது, நல்லதுதான். ஆனால் அந்த எண் இன்றைய நிலை அல்ல, சராசரியாக ஒன்றரை மாதம் பழையது. விலைவாசியோ போரோ நடுவில் ஏதாவது வெடித்திருந்தால் பாதிப் பதில்கள் அதற்கு முந்தையவை. இன்னொரு வழி எம்ஆர்பி என்ற புள்ளியியல் கணக்கு. ஆண்ட்ரூ கெல்மனும் தாமஸ் லிட்டிலும் 1997இல் முன்வைத்த முறை. பட்டப்படிப்பு இல்லாத 50 வயது வெள்ளையர் ஆண் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பெரிய தேசிய மாதிரியிலிருந்து கற்று, அப்படிப்பட்டவர்கள் ஒஹையோவில் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பிலிருந்து எடுத்துப் பெருக்குவது. 2017 பிரிட்டன் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று யூகவ் என்ற கணிப்பு நிறுவனம் இதே முறையில் சொன்னது, அது பலித்தது. இதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்: அலாஸ்கா போல, பக்கத்து ஊரோடு ஒப்பிட முடியாத மாகாணங்களை இது சராசரியை நோக்கி இழுத்துவிடும். மாகாணத்தின் தனித்தன்மைதான் நமக்கு வேண்டியது, அதைத்தான் இந்த முறை மழுப்பும்.

அப்புறம் யாரிடம் கேட்டார்கள் என்ற கேள்வி. வயது வந்த எல்லோரிடமுமா, வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களிடமா, வாக்களிக்கக்கூடியவர்களிடமா? ஒப்புதல் வீதம் பெரும்பாலும் முதல் வகை. 2024 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இடைக்காலத் தேர்தல் என்றால் 2014இல் சுமார் 37, 2018இல் சுமார் 50, 2022இல் சுமார் 46. அதாவது கணிப்பில் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் நவம்பரில் வீட்டிலேயே இருப்பார்கள். ஒப்புக்கொள்கிறோம் என்றவர்களிலும்தான். இதில் எந்தப் பாதி என்பதுதான் பிரச்சினை. "கடுமையாக மறுக்கிறேன்" என்பவரும் "கடுமையாக ஆதரிக்கிறேன்" என்பவரும் வந்து சேருவார்கள். நடுவில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. அதனால் கணிப்பு அட்டவணையில் கடுமையாக ஆதரவு, ஓரளவு ஆதரவு, ஓரளவு மறுப்பு, கடுமையாக மறுப்பு என்ற நான்கு வரிசையையும் பாருங்கள். செய்தித்தாள் இரண்டாகச் சுருக்கித்தான் போடும்.

அந்த நடு வரிசை எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2022 காட்டியது. அன்றைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் பைடனை "ஓரளவு மறுக்கிறோம்" என்றவர்கள் வாக்களித்தவர்களில் சுமார் பத்து சதவீதம். மறுத்தவர்கள் ஆயிற்றே, எதிர்க்கட்சிக்குப் போயிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 49க்கு 45 என்று பைடன் கட்சிக்கே போட்டார்கள். ஒப்புதல் 44 சதவீதம், ஆனால் சபைத் தேர்தலில் கட்சி வாங்கியது சுமார் 48. இழந்தது 9 இடங்கள் மட்டும், செனட்டில் ஒன்று கூடவே கிடைத்தது. ஒப்பிட்டால் 2018இல் ஒப்புதலும் 45, கட்சி வாங்கியதும் 45. அதிபர் பிடிக்கவில்லை என்பது ஒன்று, எதிரே நிற்பவரைப் பிடித்திருக்கிறது என்பது வேறொன்று.

வேட்பாளருக்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும், ஆனால் அளவோடு. மெய்னில் சூசன் காலின்ஸ் 2020இல் செய்தது அதிசயம்: பைடன் 9 புள்ளியில் ஜெயித்த மாகாணத்தில் அவர் குடியரசுக் கட்சிக்காக 8 புள்ளிக்கு மேல் ஜெயித்தார். அந்த ஆண்டு அதிபர் வாக்கும் செனட் வாக்கும் பிரிந்த ஒரே மாகாணம் அது. மறுபுறம், 2024இல் மொண்டானாவில் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெஸ்டர் தன் கட்சி அதிபர் வேட்பாளரைவிட 13 புள்ளி முன்னால் ஓடியும் 7 புள்ளியில் தோற்றார். ஒஹையோவில் அதே கட்சியின் ஷெராட் பிரவுன் 7 புள்ளிக்கு மேல் முன்னால் ஓடி 4 புள்ளிக்குள் தோற்றார். ஒரு நல்ல வேட்பாளர் தன் பெயரால் எவ்வளவு தூக்க முடியும் என்பதற்கு இந்த எண்கள்தான் அளவுகோல். ஒஹையோவில் பிரவுன் அளவுக்கு ஒருவர் நின்றால், அதிபரின் நிகரம் அங்கே பெரிய பாதாளத்துக்கு இறங்க வேண்டியதில்லை, பூஜ்ஜியத்துக்கு வந்தாலே போட்டிதான். ஆனால் ரோட் ஐலண்டின் குடியரசுக் கட்சி செனட்டர் லிங்கன் சேஃபியையும் மறக்க வேண்டாம். 2006இல் அந்த மாகாண வாக்காளர்களில் 60 சதவீதத்துக்கு மேல் அவரது பணியை ஒப்புக்கொண்டார்கள். அவர் கட்சி அதிபர் புஷ்ஷைப் பிடிக்கவில்லை என்பதால் அவரைத் தோற்கடித்தார்கள்.

மாகாணக் கணிப்புகளே தப்பினால்? தப்பியிருக்கின்றன. 2016இல் விஸ்கான்சின், மிச்சிகன் கணிப்புகள் பல, கல்வித் தகுதியை வைத்து எடையிடவில்லை. பட்டதாரிகள்தான் அதிகம் பதில் சொல்வார்கள், அவர்கள் ஹிலரி பக்கம் சாய்ந்திருந்தார்கள், விடை வேறென்ன வரும்? 2020இல் விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்றது ஒரு பெரிய கணிப்பு. ஜெயித்தது அரைப் புள்ளி சொச்சத்தில். 2024இல் அயோவாவில் பெரிதும் மதிக்கப்பட்ட கணிப்பு ஒன்று தேர்தலுக்கு மூன்று நாள் முன் ஹாரிஸுக்கு 3 புள்ளி முன்னிலை கொடுத்தது. டிரம்ப் 13இல் ஜெயித்தார். மூன்றாவது படி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கணிப்பும் சறுக்குகிறது. ஆகவே அயோவாவில் வரும் ஒற்றைக் கணிப்பை வைத்துப் பந்தயம் கட்ட வேண்டாம்.

பிரதிநிதிகள் சபைக்கு இந்த மாகாணக் கணக்கு அவ்வளவாக உதவாது. அங்கே 435 தொகுதி, 218 வேண்டும், 2024இல் முடிவு 220-215. மூன்று இடம் நகர்ந்தால் சபை கைமாறும் என்பதால் தேசிய எண்ணே போதுமான அறிகுறி. இந்தமுறை ஒரு சிக்கல், தொகுதி எல்லைகளே நகர்ந்துவிட்டன. 2025இல் டெக்சஸ் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும்படி தொகுதிகளை மாற்றி வரைந்தது. கலிஃபோர்னியா 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்திப் பதிலுக்கு ஐந்து வரைந்தது.

டெக்சஸ் வரைபடத்தில்தான் ஒப்புதல் வீதத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. அந்தப் புதிய தொகுதிகளில் சில, தென் டெக்சஸின் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி வம்சாவளி) வாக்காளர்கள் 2024இல் போட்டபடியே மறுபடியும் போடுவார்கள் என்று நம்பி வரைந்தவை. மெக்சிகோ எல்லையோர ஸ்டார் கவுண்டியை (மாவட்டம் போன்றது) எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் ஹிலரி அங்கே 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் டிரம்ப் 16 புள்ளியில் ஜெயித்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியரசுக் கட்சிக்குப் போடாத இடம். எட்டு ஆண்டில் 76 புள்ளி ஒரு பக்கம் போனவர்கள் திரும்பியும் வரலாம். ஆகவே டெக்சஸ் மாகாணக் கணிப்பு வந்தால் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை விடுங்கள். ஹிஸ்பானிக் வரிசைக்குப் போங்கள், மாதிரி எத்தனை பேர் என்று பாருங்கள், 200க்குக் கீழே என்றால் மூடிவிடுங்கள். 200க்கு மேல் இருந்து, ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் பேட்டி எடுத்திருந்து, அதே போக்கு அடுத்தடுத்து மூன்று கணிப்பில் வந்தால் மட்டும் அந்தத் தொகுதிகளின் கணக்கைத் திரும்பப் போடலாம்.