லிங்கனுக்குப் பக்கத்தில் உறங்குகிறவர்கள்

சிகாகோவுக்கு வரும் நம் குடும்பங்கள் பலவும் ஒரு நாள் ஒதுக்கி ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் போய்வருகின்றன. தெற்கே காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். லிங்கன் வாழ்ந்த வீடு, அருங்காட்சியகம், கடைசியாக ஓக் ரிட்ஜ் இடுகாட்டில் அவருடைய கல்லறை. கல்லறை வாசலில் குட்சன் போர்க்லம் என்ற சிற்பி வடித்த லிங்கனின் வெண்கலத் தலை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் மூக்கைத் தொட்டுத் தொட்டு, முகம் முழுக்கக் கறுத்திருக்க, மூக்கு மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துத் தொடவைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தொடுவதில் ஒரு தவறும் இல்லை. அத்தோடு கிளம்பிவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஓக் ரிட்ஜ் ஒரு தனி மனிதருக்காக எழுப்பிய நினைவிடம் அல்ல. அது ஊர் இடுகாடு. லிங்கனின் கல்லறை மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. சுற்றியுள்ள மற்ற நிலமெல்லாம் நகராட்சியுடையது. கடைக்காரர்கள், ஆசிரியைகள், சுரங்கத் தொழிலாளர்கள், கைக்குழந்தைகள் என்று ஒன்றரை நூற்றாண்டாக ஊர் மக்கள் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில்தான் அந்த ஊரின் அரசியல்வாதிகளும் கிடக்கிறார்கள். நண்பர், எதிரி, வென்றவர், தோற்றவர் எல்லாருக்கும் ஒரே புல்வெளி.

இப்படி அமைந்ததற்கு ஒரு பெண்ணின் பிடிவாதம்தான் காரணம். 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்ததும், ஊர்ப் பெரிய மனிதர்கள் நகரின் நடுவே மேதர் என்பவரின் மேட்டு நிலத்தைப் பிடித்து, அவசர அவசரமாகக் கல்லறை கட்டத் தொடங்கினார்கள். ரயிலை விட்டு இறங்குகிற எவர் கண்ணிலும் படவேண்டும், ஊருக்குப் பெருமை சேரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மேரி லிங்கன் ஒப்பவில்லை. அமைதியான இடத்தில் அடங்கவேண்டும் என்பதே தன் கணவரின் விருப்பம் என்றார். ஊருக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த ஓக் ரிட்ஜ்தான் இடம். இல்லையென்றால் உடலைச் சிகாகோவுக்கோ வாஷிங்டனுக்கோ கொண்டுபோய்விடுவேன் என்று எழுதியே அனுப்பிவிட்டார். கணவரைப் பறிகொடுத்து சில வாரங்களே ஆகியிருந்தன. முன்பே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்த நிலையிலும் ஓர் ஊரின் செல்வாக்குள்ள ஆண்கள் அத்தனை பேரையும் எதிர்த்து நின்று ஜெயித்தார். மேரியைச் சிடுசிடுப்புக்காரி, ஊதாரி என்றே எழுதிவைத்தவர்கள் அதிகம். இந்த ஒரு காரியத்துக்காகவாவது அவரை மரியாதையோடு நினைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் லிங்கன் இன்று ஒரு நாற்சந்திச் சிலையைப் போல் தனியாக நின்றிருப்பார்.

மேதர் நிலம் பின்னர் அரசின் கைக்குப் போனது. இலினாய் மாநிலத்தின் சட்டமன்றக் கட்டடம் இன்று அங்கேதான் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இனி அந்த அக்கம்பக்கத்தாரைப் பார்ப்போம். ஜான் டாட் ஸ்டூவர்ட். மேரிக்கு உறவுமுறை. 1832இல் பூர்வகுடிகளுக்கு எதிராக நடந்த பிளாக் ஹாக் போரில் லிங்கனோடு இருந்தவர். சட்டம் படி என்று தூண்டிவிட்டு, தன் புத்தகங்களை இரவல் கொடுத்து, 1837இல் தன்னோடு கூட்டு வக்கீலாகவும் சேர்த்துக்கொண்டவர். அவர் இல்லையென்றால் லிங்கன் என்ற வக்கீல் இல்லை. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இருவரும் எதிரெதிர் அணிகளுக்குப் போய்விட்டார்கள். லிங்கனின் கொள்கைகளை எதிர்த்துக்கொண்டே ஸ்டூவர்ட் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். 1864 தேர்தலில் லிங்கன் கட்சியைச் சேர்ந்த ஷெல்பி கலம் என்ற இளைஞர் அவரைத் தோற்கடித்தார். தோற்ற மனிதர் என்ன செய்தார் தெரியுமா? லிங்கனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 117 அடி உயரத்துக்கு நிற்கிறதே அந்தக் கருங்கல் தூண், அதற்கு அரசியலில் எதிர்த்து நின்ற அந்த நண்பரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. 1874இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் வந்து திறப்புவிழாவில் கலந்துகொண்டார்.

ஸ்டூவர்டும் ஓக் ரிட்ஜில்தான் இருக்கிறார். அவரைத் தோற்கடித்த கலமும் அங்கேதான். கலம் பிறகு ஆளுநராகி, முப்பது ஆண்டுகள் செனட்டராகவும் இருந்தார். ரயில் கம்பெனிகளின் அடாவடிக் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்ட 1887ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பாடுபட்டவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

வில்லியம் ஹெர்ன்டனும் அங்கே இருக்கிறார். லிங்கனின் கடைசி வக்கீல் கூட்டாளி, ஸ்பிரிங்ஃபீல்டின் மேயராகவும் இருந்தவர். லிங்கன் இறந்த பிறகு அவரை அறிந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். லிங்கனின் இளமைக் காலத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவர் சேகரித்ததுதான். மேரிக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. லிங்கன் உண்மையில் காதலித்தது ஆன் ரட்லெட்ஜ் என்ற வேறொரு பெண்ணை என்று 1866இல் ஊரறியச் சொற்பொழிவு ஆற்றினார். மேரியின் கோபம் கடைசிவரை தணியவில்லை. ஹெர்ன்டன் 1891இல் வறுமையில் இறந்தார். மேரி தேர்ந்தெடுத்த அதே இடுகாட்டில் அவருக்கும் இடம் கிடைத்தது.

ஆளுநர் பிஸ்ஸல், ஆளுநர் டானர், நாற்பது ஆண்டுகள் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியாண்ட ஜான் லூயிஸ் என்று பட்டியல் நீளும். எல்லாரையும் சொன்னால் நான் சொல்லவந்தது அடிபட்டுப் போகும்.

நான் சொல்லவந்தது இரண்டு பேரைப் பற்றி. அவர்கள் அரசியல்வாதிகள் அல்லர்.

1908 ஆகஸ்ட் 14. ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர், கறுப்பினத்தவர் ஒருவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் புகார் சொன்னார். அது பொய் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றைக்குச் சிறைவாசலில் கூட்டம் திரண்டது. புகாருக்கு ஆளானவரையும் இன்னொரு கறுப்பினக் கைதியையும் ஷெரிஃப் ரகசியமாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்று தெரிந்ததும் கூட்டம் கறுப்பின மக்களின் கடைகள் மீதும் வீடுகள் மீதும் பாய்ந்தது. ஸ்காட் பர்ட்டன் என்ற நாவிதரைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். மறுநாள் இரவு வில்லியம் டோனகன். செருப்புத் தைக்கும் தொழிலாளி, எண்பது வயதை ஒட்டிய கிழவர். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தியதுதான் அவர் செய்த குற்றம். வீட்டிலிருந்து இழுத்து வந்து, கழுத்தை அறுத்து, எதிரே இருந்த பள்ளிக்கூடத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். சட்டமன்றக் கட்டடத்திலிருந்து சில தெருக்கள்தான் தள்ளி. ஊரின் பெருமைக்காக லிங்கனைக் கிடத்த நினைத்தார்களே, அதே மேட்டுக்கு அருகில்.

இந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 12, லிங்கனின் நூறாவது பிறந்தநாளில், ஸ்பிரிங்ஃபீல்டில் பெரிய விருந்து நடந்தது. கறுப்பினத்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. லிங்கன் பெயரால் நடந்த விருந்து! அதே நாளில்தான், லிங்கனின் ஊரிலேயே இப்படி நடந்துவிட்டதே என்று கொதித்தவர்கள் விடுத்த அறைகூவலிலிருந்து என்.ஏ.ஏ.சி.பி. பிறந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக நாடு முழுவதும் போராடிய அமைப்பு அது.

பர்ட்டனும் டோனகனும் புதைக்கப்பட்டது ஓக் ரிட்ஜில். லிங்கன் படுத்திருக்கும் அதே மண்ணில்.

1876இல் கள்ளநோட்டுக் கும்பல் ஒன்று லிங்கனின் உடலைத் திருட வந்த கதை அங்கே எல்லாருக்கும் பிடித்த கதை. அதனால்தான் 1901இல் பத்தடி ஆழத்தில் இறக்கிக் கான்கிரீட் கொட்டி மூடினார்கள் என்பதைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நல்ல கதைதான், நானும் விருந்தினர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த இடுகாட்டில் சொல்லியே ஆகவேண்டிய கதை அது அல்ல. அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரை வணங்கிவிட்டு, அவர் ஊராராலேயே கொல்லப்பட்ட கறுப்பினக் கிழவரைத் திரும்பிப் பார்க்காமல் வருவது லிங்கனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தலைவரை ஊர் மக்களோடு வைத்ததன் பயனே இதுதான். தனி மண்டபமாக இருந்திருந்தால் பெருமை மட்டும் பேசிவிட்டு வந்திருக்கலாம்.

ஆகவே அடுத்த முறை போகும்போது கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூவர்ட் எங்கே, ஹெர்ன்டன் எங்கே, டோனகன் எங்கே, பர்ட்டன் எங்கே என்று இடுகாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். சின்னவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தயங்காதீர்கள். கலவரத்தைப் பற்றி ஊர் பல பத்தாண்டுகள் வாய் திறக்காமல் இருந்தது. ஒரு நினைவுக் குறிகூட ஏன் இல்லை என்று 1990களில் மனு எழுதி நகராட்சியை அசைத்தவர்கள் இரண்டு பள்ளி மாணவிகள். 2024 ஆகஸ்டில் அந்தக் கலவரத்தின் தடயங்கள் கிடைத்த ரயில்பாதை ஓரத்து நிலம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவிலேயே இருக்கிறது. அங்கேயும் போங்கள்.