சாக்ஸில் ஓட்டை இருந்தால் என்ன?

'தி மவுண்டன்டாப்' நாடகம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைச் சிறுமைப்படுத்துகிறது என்று உங்கள் விமர்சனத்தில் எழுதியிருக்கிறீர்கள். நானும் பார்த்தேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடகம் நடப்பது 1968 ஏப்ரல் 3 இரவு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், லொரெய்ன் மோட்டல், அறை எண் 306. மறுநாள் மாலை அந்த அறைக்கு வெளியே பால்கனியில்தான் அவரைச் சுட்டார்கள். மேடையில் வரும் கிங் சிகரெட்டுக்குத் தவிக்கிறார், சாக்ஸில் ஓட்டை, கால் வேறு நாறுகிறது. ஒட்டுக்கேட்கிறார்களோ என்று தொலைபேசியைச் சோதிக்கிறார். இடி இடித்தால் அரண்டுபோகிறார். இதில் என்ன சிறுமை? அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ அவரை ஒட்டுக்கேட்டது ஊரறிந்த சேதிதானே. இவ்வளவு பயத்தோடும் அன்று கொட்டும் மழையில் போய்ப் பேசிவிட்டு வந்தவர் அவர்.

என் குறை வேறு. அவர் மெம்ஃபிஸுக்கு வந்ததே துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக. அந்தப் பிப்ரவரியில், மழைக்கு ஒதுங்கிய 2 தொழிலாளர்களைக் குப்பை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு சுமார் 1,300 பேர் போராடினார்கள். அவர்களுக்கு நாடகத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், அறைக்குக் காபி கொண்டுவரும் அந்தப் பணிப்பெண் யார் என்பதை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்களே, இனி பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?