மரியா லாஸ்னிக்: தாமதமாக வந்த பாராட்டைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை

2013இல், இத்தாலியில் நடக்கும் பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில், ஆஸ்திரிய ஓவியர் மரியா லாஸ்னிக்குக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 93. மறு வருடம் மே மாதம் இறந்துபோனார். 'திறமை என்றைக்கும் வீண்போகாது' என்பதற்கு இவர் கதையை உதாரணம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கரிந்தியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் 1919இல் பிறந்தவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்குப் படித்தார். பிறகு ஓவியம் கற்றே தீருவது என்று சைக்கிளிலேயே வியன்னா போய் நுண்கலை அகாதெமியில் சேர்ந்தார். நாஜிகள் ஆண்ட காலம். ஆசிரியர் வில்ஹெல்ம் டாஹவர் இவர் படங்களைச் 'சீரழிந்த கலை' என்று சொல்லி வகுப்பிலிருந்தே அனுப்பிவிட்டார். நாஜிகள் தங்களுக்குப் பிடிக்காத நவீனக் கலையை ஒடுக்கக் குத்திய முத்திரை அது. அந்த நாளில் அந்தப் பட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று நினைத்துப் பாருங்கள். வேறு ஆசிரியர்களிடம் படித்து 1945இல் டிப்ளமோ வாங்கினார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய அசல் பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கண்ணாடியும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். உடம்பு உள்ளிருந்து எப்படி உணர்கிறதோ அதை மட்டும் வரைவது. நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முதுகு நாற்காலியில் அழுந்துவது தெரியும், தாடை இறுகியிருப்பது தெரியும். தலைமுடி இருக்கிறதா என்றே தெரியாது. அதனால்தான் அவர் உருவங்கள் பலவற்றுக்கு முடி கிடையாது, சிலவற்றுக்குக் காதுகூட இல்லை. கோரமாக வரைகிறார் என்பார்கள். இத்தனை நேர்மையாக உடம்பை வரைந்தவர்கள் மிகக் குறைவு என்பேன் நான்.

2005இல் வரைந்த 'நீ அல்லது நான்' படத்தைத் தேடிப் பாருங்கள். ஆடையில்லாத முதிய உடல். ஒரு துப்பாக்கி தன் நெற்றிப்பொட்டில், இன்னொன்று நம்மை நோக்கி. 80 வயது தாண்டியவர் தன்னைப் பற்றி வரைந்த படம் அது!

உடம்பை உள்ளிருந்து வரையும் இந்த முறையின் வேர் 1940களின் கடைசியிலேயே இருக்கிறது. பாரிஸ், நியூயார்க் என்று பல வருடம் அலைந்த பிறகு, 1980இல், 60 வயதில்தான் வியன்னா அவரை ஓவியப் பேராசிரியராக அழைத்தது. ஜெர்மன் பேசும் நாடுகளிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதுவரை அங்கே ஓவியம் படித்த எத்தனை பெண்களுக்கு ஒரு பெண் பேராசிரியரிடம் கற்கும் வாய்ப்பே இல்லாமல் போயிருக்கும்? அந்த இழப்பை 93 வயதில் கொடுத்த சிங்கம் ஈடுகட்டிவிட்டது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.