எல்லாமே 'மிக' தானா?

பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக்குச் செல்லும் என் தங்கை மகனின் ஆங்கிலக் கையேட்டில் வெரி, குவைட், ராதர், பிரிட்டி, டூ ஆகிய ஐந்துக்கும் எதிரே 'மிக' என்ற ஒரே சொல்லை அச்சிட்டிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஆற்றாமை தீரவில்லை. வெரி என்பது 'உண்மையான' என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டி பழைய ஆங்கிலத்தில் தந்திரத்தைக் குறித்து, பின்னர் அழகுக்கும் அதன்பின் 'ஓரளவு' என்பதற்கும் இடம்பெயர்ந்தது. ராதர் என்றால் முன்பு 'இன்னும் விரைவாக'. குவைட் சங்கதிதான் பெரிய வம்பு: 'குவைட் குட்' என்பது பிரிட்டனில் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவோடு நிற்கும், அமெரிக்காவிலோ நிஜமான பாராட்டு. டூ என்பது அளவு மீறியதைச் சொல்லும் குறை. ஆனால் ஜங்ஷன் கடையில் அல்வாவைத் தின்றுவிட்டு 'டூ ஸ்வீட்' என்றவன் அதைப் புகழ்ச்சியாகவே நினைத்திருக்கிறான்.

ஒப்புமைச் சொற்களும் தப்பவில்லை. லைக், ஆஸ் இரண்டுக்கும் 'போல' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். லைக் என்பதன் அடியில் 'உடல்' என்று பொருள்படும் பழஞ்சொல் கிடக்கிறது. ஆஸ் என்பதோ 'ஆல்சோ' தேய்ந்த வடிவம், நம் 'நிரம்ப' தேய்ந்து 'ரொம்ப' ஆனதைப் போல. மிகுதிக்கு மட்டும் சால, உறு, தவ, நனி, கூர், கழி என ஆறு உரிச்சொற்களை நன்னூல் எண்ணி வைத்த மொழியில், ஐந்துக்கு ஒன்று என்று கணக்கை முடிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! கேட்டால், "பரீட்சைக்கு இது போதும், மாமா" என்கிறான். மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான், அதுதான் கூடுதல் எரிச்சல்.