தொடாதே என்று மட்டும் சொன்னால் போதுமா?

யாரோ ஒருவர் கடலில் சீல் என்ற கடல் விலங்கைக் கட்டிப்பிடிக்கும் வீடியோ வந்தால் போதும், கீழே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "என்ன பாசம் பாருங்க" என்று ஒரு கூட்டம். "காட்டு உயிரைத் தொடாதே" என்று இன்னொரு கூட்டம். நான் பல வருடம் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். லூனாவைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அங்கே முழு மனதோடு நிற்க முடியவில்லை.

லூனா ஓர் ஓர்கா. கறுப்பு வெள்ளை உடம்பும் முதுகில் உயர்ந்த துடுப்புமாக இருக்குமே, அது. கொலைகாரத் திமிங்கிலம் என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் அது ஓங்கில், அதாவது டால்பின் குடும்பம். 1999ல் பிறந்தவன். கனடாவின் மேற்குக் கரையிலும் அதை ஒட்டிய அமெரிக்கக் கரையிலும் சால்மன் மீன் தின்று வாழும் கூட்டத்தின் பிள்ளை. இந்த ஓர்காக்களில் மகனோ மகளோ தாயை விட்டுப் பிரிந்து போவதே கிடையாது. வளர்ந்து ஆளான மகனும் அம்மாவின் பக்கத்தில்தான் நீந்துவான். நம் வட்டார வழக்கு மாதிரி ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சொலிகள் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 2001ல், இரண்டு வயது நிரம்பும் முன்பே, வான்கூவர் தீவின் மேற்கில் நூட்கா சவுண்டில் தன்னந்தனியாக வந்து நின்றான். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இடம் அது. மீனுக்குப் பஞ்சமில்லை. பேச்சுத் துணைக்குத்தான் யாரும் இல்லை.

எனவே படகுகளைத் தேடி வந்தான். படகின் ஓரத்தில் ஒருக்களித்து மிதந்து, ஒரு கண்ணைத் தண்ணீருக்கு மேலே வைத்து, உள்ளே இருப்பவர் முகத்தையே பார்ப்பான். தலையைத் தடவினால் அப்படியே அசையாமல் நிற்பான். படகு எஞ்சினின் உறுமலைத் தன் குரலில் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டான். எனக்கு இந்த இடம்தான் தாங்கவில்லை. வீட்டில் இருந்திருந்தால் அம்மாவின் ஒலிகளைப் பழகியிருக்க வேண்டிய வயது அது.

அந்தக் கரையின் பூர்வகுடிகளான மொவாசாட்-முச்சலாட் மக்களின் தலைவர் அம்புரோஸ் மக்வின்னா அதே 2001 ஜூலையில் காலமானார். செத்த பிறகு ஓர்காவாகத் திரும்பி வருவேன் என்று அவர் சொல்லியிருந்தார். சில நாளில் இவன் வந்து நின்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ட்ஸூஹீட் என்று பெயரிட்டு, தங்கள் தலைவரின் ஆவி என்றே அவனை நடத்தினார்கள்.

அரசு என்ன செய்தது? யாரும் நெருங்கக் கூடாது, தொடக் கூடாது என்று தடை போட்டது. காரணம் நியாயமானது. மனிதரோடு ரொம்பப் பழகினால் சொந்தக் கூட்டத்துக்குத் திரும்ப மாட்டான், படகுகளில் அடிபடுவான் என்ற பயம். ஆனால் தொடாதே என்று சொன்னவர்கள் அவனுக்கு வேறு துணைக்கு வழி செய்யவில்லை. மனிதர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அவன் படகுகளோடு ஒட்டிக்கொண்டான். சுக்கானைப் பிடித்து விளையாடி உடைத்தான். மீன்பிடிக்க வந்தவர்களுக்குக் கோபம் ஏறியது.

அதே சமயத்தில் இன்னொரு ஓர்கா குட்டிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஸ்பிரிங்கர் என்ற பெண் குட்டி. தாயை இழந்து, நோயோடு, 2002 ஜனவரியில் சியாட்டில் பக்கம் தனியாகத் திரிந்தாள். அவளும் படகுகளிடம்தான் போனாள். ஆனால் அந்த ஜூனிலேயே பிடித்து, வலைக்கூண்டில் வைத்து வைத்தியம் பார்த்து, ஜூலையில் வேகப்படகில் ஏற்றி வடக்கே சொந்தக்காரர்கள் வரும் கடலில் விட்டார்கள். சேர்ந்துகொண்டாள். 2013ல் குட்டியோடு தென்பட்டாள்.

ஆறே மாதத்தில் முடிந்த காரியம். லூனாவுக்கு முயற்சி தொடங்கியதே 2004 ஜூனில், மூன்று வருடம் கழித்து. அதற்குள் பூர்வகுடி மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. பிடித்துக்கொண்டு போய் நீர்க்காட்சிச் சாலையில் அடைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம். எங்கே போவது என்று அவனே முடிவு செய்யட்டும் என்றார்கள். தோணிகளில் ஏறித் துடுப்பு போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே அவனை அதிகாரிகளின் கூண்டிலிருந்து விலக்கிக் கூட்டிப் போனார்கள். மணிக்கணக்கில் தோணிகளின் பின்னாலேயே போனான். கடைசியில் அரசு கைவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று வருடத்தில் அவன் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நீந்திய நாட்கள் அவைதான். ஆனாலும் அவன் வீட்டுக்குப் போகவில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

"அப்போ எல்லாரும் போய்த் தொடலாமா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2022ல் நார்வேயின் ஓஸ்லோ பக்கம் ஃப்ரேயா என்ற வால்ரஸ் வந்தது. நீளத் தந்தம் உள்ள பெரிய கடல் விலங்கு அது. 600 கிலோ உடம்போடு படகுகளில் ஏறிப் படுத்து வெயில் காயும். அதற்குத் தேவை நிம்மதியான தூக்கம், அவ்வளவுதான். தள்ளி நில்லுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் ஜனங்கள் கேட்கவில்லை, பிள்ளைகளோடு பக்கத்தில் போனார்கள். ஆபத்து என்று சொல்லி ஆகஸ்டில் அதைக் கொன்றுவிட்டார்கள். அங்கே தள்ளி நிற்பதுதான் அன்பு. லூனா கேட்டது வேறு. ஒரே அளவுகோலை இருவருக்கும் வைப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

லூனாவுக்கு என்ன செய்திருக்கலாம்? முதல் வருடமே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அது முடியாவிட்டால், பழகிய நாலு பேரை, ஒரே படகை, தினமும் அவனுக்குத் துணையாக அனுப்பியிருக்கலாம். மற்றப் படகுகளின் பக்கம் போகாமல் இழுத்து வைத்திருப்பார்கள். தொட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடும் சுற்றுலாக்காரரும் வேண்டாம், தொடாதே என்று பலகை வைத்துவிட்டுப் போகும் அதிகாரியும் வேண்டாம். நாளைக்கும் வருகிற ஆள் வேண்டும்.

2006 மார்ச் 10. காற்றுக்கு ஒதுங்கி ஒரு பெரிய இழுவைக் கப்பல் எஞ்சினை அணைக்காமல் அங்கே நின்றிருந்தது. எப்போதும் போல விளையாடப் போனான். சுழலும் விசிறி உள்ளே இழுத்துவிட்டது. அவனுக்கு ஆறு வயது.

அன்றைக்கு அவன் அம்மா உயிரோடுதான் இருந்தாள். 2002ல் அவளுக்கு இன்னொரு குட்டி பிறந்திருந்தது. லூனா அதைப் பார்த்ததே இல்லை.